சுருதிக்கு எண், பண்புக்கு மின்: வீட்டில் கட்டும் கலப்புச் சிந்தசைசர்

இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்த எவரைக் கேட்டாலும் ஒலியின் சிறப்பியல்புகள் மூன்று என்று தயங்காமல் சொல்வார்: சுருதி, உரப்பு, பண்பு. சுருதியை மீடிறன் தீர்மானிக்கிறது. உரப்பை வீச்சம் தீர்மானிக்கிறது. பண்பை அலைவடிவம் தீர்மானிக்கிறது. பரீட்சை முடிந்ததும் மறந்துபோகும் இந்த மூன்று வரிகளுக்குள், மின்னால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவியான சிந்தசைசரின் முழு அமைப்பும் அடங்கிக் கிடக்கிறது என்பது, திருகோணமலையில் என் வீட்டு மேசையில் அப்படியொன்றைக் கட்டத் தொடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

சிந்தசைசரின் வழக்கமான அமைப்பில் மூன்று உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. முதலில் நிற்கும் அலையாக்கி, மேற்றொனிகள் (அடிப்படை மீடிறனின் மடங்குகளில் சேர்ந்தொலிக்கும் ஒலிகள்) நிறைந்த ஓர் அலையை உரிய மீடிறனில் தருகிறது. அடுத்து வரும் வடிகட்டி, அந்த மேற்றொனிகளில் வேண்டாதவற்றைக் குறைத்து ஒலியின் பண்பை மாற்றுகிறது. கடைசியில் உள்ள விரியலாக்கி, ஒலி எப்போது எழ வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எப்படி அடங்க வேண்டும் என்பதைக் கவனிக்கிறது. இவை மூன்றையும் மின்சுற்றுகளாகவே கட்டினால் அது ஒப்புமைச் சிந்தசைசர், நம் பேச்சில் அனலொக். மூன்றையும் எண்களாகக் கணித்து முடிவில் மட்டும் ஒலியாக மாற்றினால் அது இலக்கமுறைச் சிந்தசைசர், நம் பேச்சில் டிஜிற்றல். சிலவற்றைக் கணிப்புக்கும் சிலவற்றைச் சுற்றுக்கும் பிரித்துக் கொடுத்தால் அது கலப்பு.

எதை எதனிடம் கொடுப்பது என்பதே இங்கு கேள்வி. தொடங்குபவர்கள் பலர் இதை விலையை வைத்தோ கையில் கிடைத்த சாமானை வைத்தோ தீர்மானித்துவிடுகிறார்கள். நான் செவியை வைத்துத் தீர்மானிக்கச் சொல்வேன். நம் செவி சுருதி விடயத்தில் கடுமையான பரீட்சகர். பண்பு விடயத்தில் தாராளமானவர். நாதசுரக்காரர் சீவாளியை மாற்றினால் கருவியின் குரல் சற்று மாறும், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஆனால் ஒத்துக்காரரின் சுருதி இம்மியளவு விலகினால் கோயில் வீதியில் கச்சான் விற்பவர்கூடத் திரும்பிப் பார்ப்பார். ஆகவே சுருதியை எண்ணிடமும் பண்பை மின்னிடமும் ஒப்படைப்பதே தொடங்குபவருக்குப் பொருத்தமான பிரிப்பு.

சுருதியை மின்சுற்றிடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை முதலில் பார்ப்போம். ஒரு ஸ்தாயி மேலே போக மீடிறன் இரட்டிக்க வேண்டும். ஒரு வோல்ற்றுக்கு ஒரு ஸ்தாயி என்ற வழக்கமான முறையில், சீராக உயரும் வோல்ற்றளவை இரட்டித்து இரட்டித்து உயரும் மின்னோட்டமாக மாற்ற வேண்டும். அதற்குத் திரான்சிற்றரின் இயல்பான அடுக்குக்குறித் தன்மையைப் பயன்படுத்துவார்கள். அதன் அடிவாய்க்கும் காலிக்கும் இடையிலான வோல்ற்றளவு ஏறத்தாழ 18 மில்லிவோல்ற்று கூடினால் மின்னோட்டம் இரட்டிக்கும். சிக்கல் என்னவென்றால், வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது அதே வோல்ற்றளவு ஏறத்தாழ 2 மில்லிவோல்ற்று நழுவுகிறது. அதாவது ஒரு பாகைச் சூட்டுக்கு ஒரு ஸ்தாயியில் ஒன்பதில் ஒரு பங்கு, அரைச்சுரத்துக்கும் சற்றுக் கூடுதலாக, சுருதி ஓடிவிடுகிறது. இரண்டு ஒத்த திரான்சிற்றர்களை எதிரெதிராக வைத்து இந்த நழுவலைச் சமப்படுத்தலாம். அப்போதும் அளவுகோலே ஒரு பாகைக்கு 0.33 வீதம் நீண்டு சுருங்குவது மிஞ்சும். சுருதி சேர்த்த இடத்திலிருந்து மூன்று ஸ்தாயி தள்ளிப் போய் வாசிப்பவருக்கு, 10 பாகை மாற்றத்தில் அது மீண்டும் ஓர் அரைச்சுரத்தைத் தாண்டிய பிழையாகிறது.

திருகோணமலையில் 10 பாகை என்பது பெரிய தொகை அன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்; மாரி இரவில் 24 அல்லது 25 பாகைக்கு இறங்கும். மேசைக்கு மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்தினாலே திறந்து கிடக்கும் சுற்றுப்பலகையில் இரண்டு மூன்று பாகை ஏறிவிடும். இதற்கென்றே வெப்பத்துக்கேற்ப மாறும் தனித் தடையிகள் உண்டு. அனுபவசாலிகள் அவற்றை வைத்து அருமையான அலையாக்கிகளைக் கட்டுகிறார்கள். ஆனால் முதல் முயற்சியிலேயே அந்த மலையில் ஏற வேண்டிய தேவை தொடங்குபவருக்கு இல்லை.

எண்ணிடம் கொடுத்தால் கதை வேறு. அலையின் ஒரு முழுச் சுற்றை 256 எண்கள் கொண்ட ஓர் அட்டவணையாக, ஒரே ஐசிக்குள் அடங்கிய சிறு கணினியான நுண்கட்டுப்படுத்தியின் நினைவகத்தில் எழுதி வைக்கிறோம். ஒலிக்கு அடுத்த எண்ணை, அதாவது அடுத்த மாதிரியை, அனுப்பும் ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டல் எண்ணி குறிப்பிட்ட ஒரு தொகையைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகிறது. நிரம்பியதும் மீண்டும் தொடக்கத்துக்கு வருகிறது. எண்ணியின் மேற்பகுதி, அட்டவணையில் எந்த இடத்தைப் படிக்க வேண்டும் என்று சொல்கிறது. கூட்டும் தொகை பெரிதானால் சுற்று விரைவாக முடியும், சுருதி உயரும். அலையாக்கி என்பது இங்கு ஒரு கூட்டற் கணக்கு மட்டுமே. கூட்டலுக்கு வெயிலும் மழையும் தெரியாது.

அதற்குத் தாளம் போடும் கடிகாரம் மட்டும் சீராக இருக்க வேண்டும். பளிங்கு அலையம் பொருத்திய பலகைகளில் பிழை மிகச் சிறியது. ஆர்டுயினோ ஊனோ என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையில் பிரதான ஐசிக்குப் பளிங்குக்குப் பதிலாக மலிவான பீங்கான் ஒத்ததிர்வி இருக்கிறது. அதன் பிழை 0.5 வீதம் வரை போகலாம். அரைச்சுரத்தை 100 சென்ற் என்று வகுத்தால் இது ஏறத்தாழ 9 சென்ற். ஆனாலும் அந்தப் பிழை எல்லாச் சுரங்களுக்கும் ஒரே அளவில் வருவதால் கருவி தனக்குள் சுருதி கலைவதில்லை. தனியே வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு கருவியோடு சேரும்போது, நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

இந்த ஒப்பீட்டுச் சுருதி, தனிச்சுருதி என்ற வேறுபாட்டை நான் ஒரு தவறின் வழியாகவே கற்றுக்கொண்டேன். முதல் வேலையாகச் சிந்தசைசருக்குப் பதில் ஒரு சுருதிப் பெட்டி செய்தேன். யாருக்கும் இதையே பரிந்துரைப்பேன், ஏனென்றால் விசைப்பலகை வேண்டியதில்லை, இரண்டு அலையாக்கிகள் ச, ப என்று இடைவிடாது ஒலித்தால் போதும். ஒன்றரைக் கட்டை, அதாவது ஏறத்தாழ 138.6 ஹேர்ட்ஸ், ஆதார சட்ஜம். பஞ்சமம் அதன் ஒன்றரை மடங்கான 207.9. மாதிரி வேகம் வினாடிக்கு 31,250. கூட்டல் எண்ணி 16 பிற், அதாவது 65,536 படிகளில் நிரம்புவது. ஒலி வந்தது. ஆனால் இரண்டு வினாடிக்கு ஒரு முறை, கரையில் அலை மோதி இறங்குவதுபோல், ஒலி மெல்லப் பெருத்து மெல்லச் சிறுத்தது. சுற்றில் எங்கோ தொடுகை சரியில்லை என்று நினைத்து ஒரு மாலை முழுவதையும் கம்பிகளை அசைத்தே கழித்தேன்.

தவறு கம்பியில் இருக்கவில்லை, வகுத்தலில் இருந்தது. 31,250ஐ 65,536ஆல் வகுத்தால் 0.477 ஹேர்ட்ஸ், 16 பிற் எண்ணி தரக்கூடிய ஆகச் சிறிய படி அதுதான். சட்ஜத்துக்கு வேண்டிய தொகை 290.65; நிரல் அதை 291 ஆக்கியது. பஞ்சமத்துக்கு வேண்டியது 435.97, அது 436 ஆனது. சட்ஜத்தின் மூன்று மடங்கு மேற்றொனியும் பஞ்சமத்தின் இரு மடங்கு மேற்றொனியும் ஒரே இடத்தில் விழுந்தால்தான் இரண்டும் இழையும். இங்கு 291இன் மூன்று மடங்கு 873, 436இன் இரு மடங்கு 872. ஒரு படி வித்தியாசம், 0.477 ஹேர்ட்ஸ் அடிப்பு, இரண்டு வினாடிக்கு ஓர் அலை. பௌதிகவியல் பாடத்தில் இரண்டு இசைக்கவைகளை வைத்துக் கேட்ட அதே அடிப்பு.

எண்ணியை 32 பிற்றாக்கியதும் படி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதாகி, அடிப்பு மறைந்தது. ஆனால் அதற்கு முன்னர் இன்னொரு வழியையும் செய்து பார்த்தேன்: 16 பிற்றிலேயே சட்ஜத்துக்கு 290, பஞ்சமத்துக்கு 435 என்று கொடுத்தேன். விகிதம் சரியாக இரண்டுக்கு மூன்று. சுருதி முழுவதும் ஏறத்தாழ 4 சென்ற் இறங்கியது. அதைக் கேட்டவர் எவரும் கண்டுகொள்ளவில்லை, நானும் கண்டுகொள்ளவில்லை. ஒலியோ கல்லில் வைத்ததுபோல் அசையாமல் நின்றது.

எண்ணுக்கும் ஒரு கள்ளத்தனம் உண்டு என்பதை மறைக்கக்கூடாது. மாதிரி வேகத்தின் பாதிக்கு மேற்பட்ட மீடிறனை எண்களால் காட்ட முடியாது. காட்ட முயன்றால் அது மடிந்து கீழே வந்து பொய்ச் சுரமாகக் கேட்கும். 31,250 மாதிரி வேகத்தில் எல்லை 15,625. வாள்பல் வடிவ அலையை 2,000 ஹேர்ட்ஸில் வாசித்தால், அதன் 15 மடங்கு மேற்றொனி 30,000இல் இருக்க வேண்டியது. அது 1,250இல் வந்து உட்காரும். வாசித்த சுரத்துக்கும் கீழே, எந்த இராகத்திலும் இல்லாத ஒரு சுரம். வாசிப்பவர் சுரத்தை மேலே இழுக்கும்போது இந்தப் பொய்ச் சுரம் கீழே இறங்கும். பின்னால் நிற்கும் ஒப்புமை வடிகட்டி இதைத் துடைத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள், துடைக்காது. ஏற்கெனவே கேட்கும் எல்லைக்குள் வந்துவிட்டதை எந்த வடிகட்டியாலும் பிரித்தறிய முடியாது. ஸ்தாயிக்கு ஓர் அட்டவணை என்று வைத்து, உயர்ந்த ஸ்தாயிகளுக்கு மேற்றொனி குறைந்த அட்டவணையைப் பயன்படுத்துவதே மருந்து.

இந்தக் கலப்புமுறை வீட்டு மேசையில் பிறந்த மலிவு வழி என்று எண்ணிவிட வேண்டாம். சிந்தசைசர் முன்னோடியான ரொபர்ட் மூக் 1964இல் வோல்ற்றளவால் இயங்கும் தொகுதிகளைக் கட்டிய நாளிலிருந்தே சுருதி ஓடுவது பெருந்தொல்லையாக இருந்தது. 1978இல் வந்த புரொபெற் 5 என்ற கருவியின் ஒலி முழுவதும் ஒப்புமைச் சுற்றுகளிலிருந்தே வந்தது. ஆனால் அதற்குள் ஒரு இசட்80 நுண்செயலி உட்கார்ந்து, அமைப்புகளை நினைவில் வைத்ததோடு, ஒரு பொத்தானை அழுத்தினால் அலையாக்கிகளுக்குச் சுருதியும் சேர்த்தது. 1982இல் ரோலண்ட் நிறுவனத்தின் ஜூனோ 6 ஒரு படி மேலே போய், அலையாக்கியின் தாளத்தையே இலக்கமுறைக் கடிகாரத்திடம் கொடுத்துவிட்டு, வடிகட்டியை ஒப்புமையாகவே வைத்துக்கொண்டது. ஜெர்மனியில் வூல்ப்காங் பால்ம் உருவாக்கிய பிபிஜி வேவ் கருவிகள் அலை அட்டவணைகளை எண்ணாகப் படித்து ஒப்புமை வடிகட்டிக்குள் விட்டன. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 வடிகட்டியே இல்லாமல் முழுக்க எண்ணால் ஒலித்தது. உலகம் அந்தப் பக்கம் சாய்ந்தது. அதற்குப் பிறகும் 1986இல் என்சோனிக் நிறுவனத்தின் இஎஸ்கியூ 1, எட்டுக் குரல்களுக்கும் தனித்தனி ஒப்புமை வடிகட்டியோடு வந்தது.

என் வாதத்துக்கு ஆகச் சிறந்த சாட்சி, இசைக்கருவியே அல்லாத ஒன்றுக்குள் இருக்கிறது. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினியில், பொப் யான்ஸ் வடிவமைத்த சிட் என்னும் ஒலி ஐசி இருந்தது. இவரே பின்னர் என்சோனிக்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். மூன்று அலையாக்கிகள், ஒவ்வொன்றும் 24 பிற் கூட்டல் எண்ணி. நான் 16இல் சறுக்கிய இடத்தில் அவர் அன்றே 24 வைத்திருந்தார். மூன்றுக்கும் பொதுவாக ஓர் ஒப்புமை வடிகட்டி. அந்த ஐசியின் முதற் பதிப்பான 6581இல் வடிகட்டி ஒன்றைப்போல் ஒன்று இராது. ஒரே பாட்டு ஒரு கணினியில் மங்கலாகவும் இன்னொன்றில் கூர்மையாகவும் கேட்கும். சுருதியோ கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு அசையாமல் நின்றது. வடிகட்டியின் இந்த ஒழுங்கீனத்தைக் கேட்டவர்கள் மன்னித்தார்கள் என்பதோடு நிற்கவில்லை, அந்த ஐசியின் குணம் என்று இன்றுவரை கொண்டாடுகிறார்கள். எமிலி ஜிலே வடிவமைத்து வரைபடங்களையும் நிரலையும் எவரும் பார்க்கத் திறந்துவிட்ட ஷ்ருதி 1 என்ற சிறு கருவியும் இதே வழிதான்: எளிய 8 பிற் நுண்கட்டுப்படுத்தி அலையைத் தர, ஒப்புமை வடிகட்டிப் பலகை அதை வடிக்கிறது. பெயரைப் பார்த்தால் நமக்குச் சொந்தக்காரர்போல் தோன்றும்.

இனி எண் மின்னாக மாறும் இடம். ஊனோவில் துடிப்பின் அகலத்தை மாற்றி, வினாடிக்கு 62,500 துடிப்புகளைத் தடையி கொள்ளளவி வழியாக மென்மைப்படுத்தினால் 8 பிற் ஒலி கிடைக்கும். 8 பிற் என்றால் 256 படிகள். இரைச்சலுக்கும் ஒலிக்கும் இடையே ஏறத்தாழ 50 டெசிபெல் இடைவெளி. எம்சிபி4822 போன்ற 12 பிற் மாற்றி ஐசி இருந்தால் 4,096 படிகள், 74 டெசிபெல். எண்களைப் பார்த்து 8 பிற்றை உடனே ஒதுக்கிவிடத் தோன்றும். கலப்புக் கருவியில் அவசரப்பட வேண்டியதில்லை. முழு இலக்கமுறைக் கருவியில் ஒலி அடங்கும்போது எண்களே சிறுக்கின்றன. 256 படிகளில் கடைசி நான்கைந்து படிகளே மிஞ்சும் நேரத்தில் ஒலி மணலில் இழுப்பதுபோல் கரகரக்கும். கலப்புக் கருவியில் எண்கள் எப்போதும் முழு வீச்சத்தில் ஓடுகின்றன; ஒலியை அடக்குவது மாற்றிக்குப் பின்னால் நிற்கும் ஒப்புமை விரியலாக்கி. ஆகவே ஒலி இறங்கும்போது இரைச்சலும் கூடவே இறங்கிவிடுகிறது.

வடிகட்டிக்கு வருவோம். தொடங்குபவருக்கு எல்எம்13700 என்ற ஐசியைச் சொல்வேன். ஒரே உடலுக்குள் இரண்டு விரியலாக்கிகள். ஒவ்வொன்றின் வலிமையையும் ஒரு கட்டுப்பாட்டு மின்னோட்டம் தீர்மானிக்கிறது. உள்ளீட்டில் 100 கிலோ ஓமும் 220 ஓமும் கொண்ட பிரிப்பான், வெளியீட்டில் 220 பைக்கோபரட் கொள்ளளவி என்று வைத்தால், கட்டுப்பாட்டு மின்னோட்டம் 0.5 மைக்ரோ அம்பியரிலிருந்து 0.5 மில்லி அம்பியர் வரை போகும்போது வடிகட்டும் எல்லை ஏறத்தாழ 15 ஹேர்ட்ஸிலிருந்து 15,000 ஹேர்ட்ஸ் வரை போகிறது. மனிதச் செவியின் எல்லை ஏறத்தாழ முழுவதும் ஆயிரம் மடங்கு மின்னோட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு பாதிகளையும் தொடராக இணைத்து, வெளியீட்டிலிருந்து ஒரு பங்கைத் திருப்பி உள்ளே விட்டால் எல்லைக்கு அருகில் பரிவு எழுந்து, கொண்டை வைத்த குரல் கிடைக்கும். அந்த 220 ஓம் எதற்கு என்று கேட்டு அதை விட்டுவிடுபவர்கள் உண்டு; இந்த ஐசியின் உள்ளீடுகளுக்கிடையே 20 மில்லிவோல்ற்றுக்கு மேல் போனால் அலை நசுங்கிவிடும். அந்த நசுங்கலையே விரும்பி வாங்குபவர்களும் உண்டு என்பது வேறு கதை.

கட்டுப்பாட்டு மின்னோட்டத்தை நுண்கட்டுப்படுத்தி எப்படித் தருவது? நிரலிலேயே இரட்டிப்புக் கணக்கைப் போட்டு, 12 பிற் மாற்றியின் வழியாக நேரே மின்னோட்டமாக்கலாமே என்று முதலில் நினைத்தேன். கணக்குப் போட்டதும் கைவிட்டேன். மேல் ஸ்தாயியான 7,500 முதல் 15,000 வரைக்கு 2,048 படிகள் கிடைக்கின்றன. அடி ஸ்தாயியான 15 முதல் 30 வரைக்கு நான்கே படிகள். குமிழை மெல்லத் திருப்பினால் ஒலி படிக்கட்டில் இறங்குவது அப்படியே கேட்கும். மாற்றியிலிருந்து சீரான வோல்ற்றளவை எடுத்து, இரட்டிக்கும் வேலையைத் திரான்சிற்றரிடமே கொடுத்தால் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஏறத்தாழ 400 படிகள் கிடைக்கின்றன. சூட்டில் நழுவும் அதே திரான்சிற்றர்தான். அலையாக்கியில் வேண்டாம் என்று துரத்தியதை வடிகட்டியில் வரவேற்கிறோம். தனித் திரான்சிற்றராக விட்டால் காலைக்கும் மதியத்துக்கும் இடையே அரை ஸ்தாயிக்கு மேல் எல்லை நகர்ந்துவிடும், அது தாராளமான செவிக்கும் அதிகம். ஆகவே ஒத்த இரண்டை எடுத்து, தட்டையான முகங்களை ஒட்டுப்பசையால் சேர்த்து, மேலே சூட்டுக்குச் சுருங்கும் குழாயை மாட்டினேன். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும்போது நழுவலின் பெரும்பகுதி ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. மிஞ்சுவதைச் செவி பொருட்படுத்துவதில்லை.

ராஸ்பெரி பை பீக்கோ போன்ற 133 மெகாஹேர்ட்ஸ் பலகை கையில் இருக்கும்போது வடிகட்டியையும் எண்ணாகவே எழுதலாமே என்ற கேள்வி நியாயமானது. ஊனோவில் ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையே கடிகாரம் 512 முறைதான் தட்டும். பீக்கோவில் அதே வேகத்துக்கு 4,000க்கும் மேல். கணிக்க முடியும், நன்றாகவே கணிக்கலாம். ஆனாலும் பரிவை ஏற்றி, உள்ளீட்டை மிஞ்சவிட்டு, சுற்று தானே நசுங்கிக் கத்தும் அந்த விளிம்பை எண்ணில் நேர்மையாகக் கொண்டுவருவது கடினம். மின்சுற்றில் அது கேட்காமலே வருகிறது. மேலும் உயர்தரத்தில் திரான்சிற்றரையும் செயற்பாட்டு விரியலாக்கியையும் தாளில் மட்டும் சந்தித்த எனக்கு, அவை விரலுக்கடியில் ஒலி மாற்றுவதைக் கேட்பதற்கு ஈடாக எதுவும் தோன்றவில்லை. இது வாதமன்று, விருப்பம்.

ஒலியை எழுப்பி அடக்கும் விரியலாக்கிக்கு இன்னொரு எல்எம்13700இன் பாதி போதும்; எழுச்சி, தணிவு, நிலை, விடுப்பு என்ற நான்கையும் நிரல் கணித்து வோல்ற்றளவாகத் தருகிறது. விசைப்பலகைக்கு மிடி (எந்தச் சுரம் அழுத்தப்பட்டது என்று கருவிகள் ஒன்றுக்கொன்று சொல்லும் நியமம்) வாசலுள்ள பழைய கீபோர்ட் ஒன்று கிடைத்தால் வேலை மிச்சம். 1983இல் வகுக்கப்பட்ட அந்த நியமத்தில் தரவு வினாடிக்கு 31,250 பிற் வேகத்தில் வருகிறது. 6என்138 போன்ற ஒளிவழி இணைப்பி ஒன்று நடுவில் இருப்பதால் இரு கருவிகளின் நிலக்கம்பிகளும் ஒட்டுவதில்லை.

நிலக்கம்பியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் கலப்புக் கருவியில் அழுகை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. எண் பகுதியில் மின்னோட்டம் வினாடிக்கு இலட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டிப் பாய்கிறது; மில்லிவோல்ற்றுகளைப் பார்த்து வேலை செய்யும் வடிகட்டி அதே கம்பியைத் தரையாக நம்பிக்கொண்டிருக்கிறது. என் கருவியில் நுளம்பு பாடுவதுபோல் ஒரு மெல்லிய கீச்சொலி இருந்தது. குமிழைத் திருப்பினால் அதன் சுருதியும் மாறியது. வடிகட்டியின் நிலக்கம்பியை நுண்கட்டுப்படுத்திப் பலகையிலிருந்து கழற்றி, மின்கலம் வந்து சேரும் ஒரே புள்ளிக்குத் தனிக்கம்பியாகக் கொண்டுபோனதும் கீச்சொலி நின்றது. கம்பியின் நீளம் ஒரு சாண் இருக்கும். ஒவ்வொரு ஐசியின் மின்வாயிலுக்கும் அருகே 100 நனோபரட் கொள்ளளவியை வைப்பதும் இதே குடும்பத்து வைத்தியம். மின்வழங்கலுக்கு 9 வோல்ற்று மின்கலங்கள் இரண்டைத் தொடராக்கி, நடுப்புள்ளியைத் தரையாக எடுத்தால் நேர், மறை இரண்டும் கிடைக்கும். நுண்கட்டுப்படுத்திக்குத் தனியே பவர்பேங்க். 230 வோல்ற்றைத் தொட வேண்டிய எந்த வேலையும் இந்தக் கருவியில் இல்லை, முதல் கருவியில் இருக்கவும் கூடாது.

ஈயமில்லாமல் கம்பிகளைச் செருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் கட்டியதை அப்படியே மாதக்கணக்கில் விட்டுவைப்பது வேறெந்த ஊரிலும் சரியாக இருக்கலாம், கடலை மூன்று பக்கமும் வைத்திருக்கும் நம் ஊரில் சரிவராது. ஒரு மாரி முடிந்து எடுத்துப் பார்த்தபோது என் சுற்று பாதி வேலை செய்தது, பாதி முரண்டு பிடித்தது. பழைய வானொலிகளைத் திருத்தும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு கம்பியை உருவி, நுனியைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சாமான் பழுதில்லைத் தம்பி, உப்புப் பிடிச்சிருக்கு" என்றார். பச்சை பாய்ந்திருந்தது. அன்றிலிருந்து, வேலை செய்கிறது என்று உறுதியான பகுதியை அந்த வாரமே துளைப்பலகையில் ஈயம் வைத்து இறுக்கிவிடுகிறேன். அவரிடம் கழித்துப்போட்ட கசெற் கருவிகளிலிருந்து வொலியூம் குமிழ்களும் இணைப்பிகளும் கிடைத்தன. தடையிகளும் சாதாரண ஐசிகளும் கொழும்புக்குப் போகும் யாரிடமாவது சொல்லிப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கலாம். எல்எம்13700 போன்றவற்றை இணையவழியில் வரவழைக்கும்போது ஒன்றுக்கு இரண்டாக எடுப்பது நல்லது. தவறாகச் செருகி ஒன்றைச் சுட்டுவிடுவது கிட்டத்தட்ட நிச்சயம்.

கட்டும் ஒழுங்கைப் பற்றி ஒரு சொல். ஒலி பயணிக்கும் திசையில் கட்டத் தொடங்கினால், கடைசிப் பகுதி முடியும்வரை எதுவும் கேட்காது. எங்கே பிழை என்றும் தெரியாது. நான் பின்னாலிருந்து முன்னாகக் கட்டினேன். முதலில் டிஎல்072 ஐசி கொண்ட வெளியீடு. அதன் பிறகு வடிகட்டி. நுண்கட்டுப்படுத்தியை இன்னும் இணைக்காத அந்த நிலையில், கைத்தொலைபேசியின் ஒலியை வடிகட்டிக்குள் விட்டு, ஒரு நாதசுரப் பதிவை ஓடவிட்டுக் குமிழைத் திருப்பினேன். சீவாளியின் கூர்மை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, கதவுக்கு அப்பால் வாசிப்பதுபோலாகி, கடைசியில் ஒத்தின் அடிநாதம் மட்டும் நின்றது. வகுப்பில் எத்தனை முறை படித்தும் விளங்காத "பண்பு" என்ற சொல் அந்த ஒரு குமிழ்த் திருப்பத்தில் விளங்கியது.

இப்போது என்னிடம் இருப்பது ஒரே குரல் உள்ள கருவி. ஒரு நேரத்தில் ஒரு சுரம். கமகம் போடும் இசைக்கு அது குறையே அல்ல, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுகுவது கூட்டும் தொகையைச் சிறுகச் சிறுக மாற்றும் இரண்டு வரி நிரல்தான். அடுத்து மூன்று குரல் வேண்டும் என்று ஆசை. இங்கேதான் எண்ணுக்கும் மின்னுக்கும் உள்ள விலை வித்தியாசம் தெரிகிறது. இரண்டாவது, மூன்றாவது அலையாக்கிகள் எனக்கு இன்னும் இரண்டு கூட்டல்கள், செலவு இல்லை. வடிகட்டியைக் குரலுக்கு ஒன்றாக வைத்தால் இன்னும் இரண்டு ஐசி, பசையால் ஒட்டிய இரண்டு சோடித் திரான்சிற்றர்கள், மூன்றையும் ஒன்றுபோல் ஒலிக்கச் செய்யும் ஓயாத பொருத்தல். சிட் ஐசியில் செய்ததுபோல் மூன்று குரல்களையும் கூட்டி ஒரே வடிகட்டிக்குள் விடுவதென்று முடிவு செய்திருக்கிறேன். துளைப்பலகையில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது. அடுத்த மாரிக்கு முன்னர் ஈயம் வைத்து முடிக்க வேண்டும்.